அமெரிக்க காங்கிரஸ் வாக்கெடுப்புகளை ஸ்கிரிப்ட் வைத்துப் பின்தொடர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்க பிரதிநிதிகள் சபையிலோ செனட்டிலோ பெயர்வாரியாக ஒரு வாக்கெடுப்பு நடந்தால், யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார், யார் வரவே இல்லை என்ற முழுப் பட்டியலும் சிறிது நேரத்திலேயே அந்தந்த அவையின் தளத்தில் எக்ஸ்எம்எல் கோப்பாக வந்துவிடுகிறது. காசு கொடுக்க வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனாலும் பெரும்பாலானவர்கள் செய்தித் தலைப்புகள் வழியாகத்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். தலைப்பில் வருவது ஆண்டுக்குச் சில வாக்கெடுப்புகள் மட்டுமே. மற்ற நூற்றுக்கணக்கானவற்றில் தங்கள் தொகுதி உறுப்பினர் என்ன செய்தார் என்பது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

அந்தக் குறையைத் தீர்க்கும் ஒரு சிறிய பைத்தான் ஸ்கிரிப்டை எப்படி உருவாக்குவது என்று இங்கே பார்க்கலாம். தினமும் தானாக ஓடி, புதிய வாக்கெடுப்புகளை எடுத்து, எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் சேர்த்து, படிக்கும்படியான ஒரு அறிக்கையைத் தர வேண்டும். அவ்வளவுதான் இலக்கு. ஃபைலைத் திறக்க, லூப் எழுத, ஒரு டேபிளில் வரிகளைச் சேர்க்கத் தெரிந்தால் போதும். கோட் வரிகளை நான் தரப்போவதில்லை. அவற்றை எழுதுவது இந்த வேலையின் எளிய பாதி. ஒரு வாக்கு எந்தக் கேள்விக்கு விடையாகப் போடப்பட்டது என்பதைத் தொலைக்காமல் சேமிப்பதுதான் கடினமான பாதி. அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தரவில் எது இருக்காது?

இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. காங்கிரசில் எல்லா முடிவும் பெயர்வாரி வாக்கெடுப்பால் எடுக்கப்படுவதில்லை. பல மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலும், செனட்டில் யாரும் ஆட்சேபிக்காத ஒருமித்த சம்மதத்திலும் நிறைவேறுகின்றன. அங்கே யார் என்ன சொன்னார் என்ற பதிவே கிடையாது. அவையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் பெயர்வாரியாகப் பதிய வேண்டும் என்று அரசமைப்பின் முதல் பிரிவு, ஐந்தாம் உட்பிரிவு சொல்கிறது. அப்படிப் பதிவானவைதான் நம் ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கும். எனவே ஒரு மசோதாவுக்கு உங்கள் டேட்டாபேஸில் வரியே இல்லை என்றால், அது நிறைவேறவில்லை என்று அர்த்தமில்லை. அறிக்கையின் அடியில் இதை ஒரு வரியாக எழுதி வையுங்கள். படிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கிருந்து எடுப்பது?

பிரதிநிதிகள் சபைக்கு அதன் கிளார்க் அலுவலகத் தளம். செனட்டுக்கு செனட்டின் சொந்தத் தளம். இரண்டும் மூல ஆவணங்கள். அவற்றிலிருந்தே தொடங்குங்கள் என்பதுதான் என் அழுத்தமான பரிந்துரை.

வேறு வழிகளும் உண்டு. காங்கிரஸ்.கவ் தளத்தின் ஏபிஐ (ஸ்கிரிப்டுகள் நேரடியாகத் தரவைக் கேட்கும் வழி) இலவசச் சாவி தருகிறது, மணிக்கு 5,000 கோரிக்கைகள் வரை அனுமதிக்கிறது. 2025 மே மாதம் முதல் பிரதிநிதிகள் சபை வாக்குகளையும் சோதனை நிலையில் சேர்த்திருக்கிறார்கள். மசோதாவின் தலைப்பு, சுருக்கம், இப்போதைய நிலை எல்லாம் வேண்டுமென்றால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். 1789 முதலான வரலாறு முழுவதும் வேண்டுமானால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் நடக்கும் வோட்வியூ திட்டத்தின் சிஎஸ்வி கோப்புகள் இருக்கின்றன. பழைய பயிற்சிக் கட்டுரைகளில் புரோபப்ளிக்கா ஏபிஐயைப் பயன்படுத்தச் சொல்லியிருப்பார்கள். அங்கே இப்போது புதியவர்களுக்குச் சாவி கிடைப்பதில்லை, ஆகவே அந்தப் பக்கம் போய் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இன்னொன்று கட்டாயம் வேண்டும்: கிட்ஹப்பில் 'காங்கிரஸ்-லெஜிஸ்லேட்டர்ஸ்' என்ற பெயரில் உள்ள உறுப்பினர் பட்டியல். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படி 1: முகவரியைக் கட்டுவது

கிளார்க் தளத்தில் ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் ஒரு நிலையான முகவரி. தளத்தின் பெயர், அப்புறம் 'இவிஎஸ்' என்ற அடைவு (ஃபோல்டர்), அதற்குள் ஆண்டு, அதற்குள் 'ரோல்' என்ற சொல்லோடு ஒட்டிய மூன்று இலக்க எண், கடைசியில் எக்ஸ்எம்எல் என்ற நீட்டிப்பு. இவிஎஸ் என்பது 1973இல் வந்த மின்னணு வாக்களிப்பு முறையைக் குறிக்கும் சுருக்கம். முதல் வாக்கெடுப்பு 001. எண் சிறிதாக இருந்தால் முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். ஆனால் மூன்று இலக்கத்துக்கு மேல் போனால் வெட்டிவிடக் கூடாது: 2007இல் எண்கள் ஆயிரத்தைத் தாண்டிப் போயின.

செனட்டில் வேறு மாதிரி. அங்கே காங்கிரஸ் எண்ணும் அமர்வு எண்ணும் வேண்டும். முதலில் அந்த அமர்வின் எல்லா வாக்கெடுப்புகளையும் பட்டியலிடும் ஒரு மெனு கோப்பை எடுக்கலாம். அதிலுள்ள எண்ணை ஐந்து இலக்கமாக்கி, தனிக் கோப்புகளை எடுக்கலாம்.

காங்கிரஸ் எண்ணைக் கணக்கிடுவது எளிது. ஆண்டிலிருந்து 1789ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, ஒன்றைக் கூட்டுங்கள். 2025க்கு 119 வரும், 2026க்கும் 119தான். ஒற்றைப்படை ஆண்டு முதல் அமர்வு, இரட்டைப்படை ஆண்டு இரண்டாம் அமர்வு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முகவரியில் வரும் ஆண்டு அமர்வின் ஆண்டு, நாட்காட்டியின் ஆண்டு அல்ல. பொதுவாகப் புதிய காங்கிரஸ் ஜனவரி 3 அன்றுதான் தொடங்கும். 'ஃபிஸ்கல் கிளிஃப்' என்று பேசப்பட்ட வரி மசோதாவை பிரதிநிதிகள் சபை 257-167 என்று நிறைவேற்றியது 2013 ஜனவரி 1 இரவில். ஆனால் அது 112ஆவது காங்கிரசின் இரண்டாம் அமர்வு. அந்தக் கோப்பு 2012 அடைவுக்குள், 659ஆம் எண்ணில் இருக்கிறது. கணினியின் தேதியை எடுத்து அப்படியே முகவரியில் ஒட்டும் ஸ்கிரிப்ட் இந்த வாக்கெடுப்பைப் பார்த்திருக்கவே முடியாது. எனவே ஜனவரியின் முதல் சில நாட்களில் பழைய அமர்வு, புதிய அமர்வு இரண்டையும் தேடும்படி எழுதுங்கள்.

படி 2: கோப்பைக் கேட்பது

இதில் நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நடுவே ஓரிரு விநாடி இடைவெளி விடுங்கள். யூசர்-ஏஜென்ட் என்ற தலைப்பில் இது என்ன ஸ்கிரிப்ட் என்று சொல்லிவிடுங்கள், அது இல்லாத கோரிக்கைகளைச் சில சர்வர்கள் மறுத்துவிடும். வந்த கோப்பைப் பிரிப்பதற்கு முன்பே, அப்படியே டிஸ்கில் சேமித்து வையுங்கள். பிரிக்கும் பகுதியைப் பத்து முறை திருத்துவீர்கள். ஒவ்வொரு முறையும் அரசாங்கத் தளத்தைப் போய்த் தட்ட வேண்டியதில்லை.

கோரிக்கை வெற்றி என்று வந்தாலும், கையில் கிடைத்தது எக்ஸ்எம்எல்தானா என்று பாருங்கள். இல்லாத பக்கத்துக்கு ஒரு அழகான எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பிவைக்கும் தளங்கள் ஏராளம்.

படி 3: பிரதிநிதிகள் சபைக் கோப்பைப் படிப்பது

கோப்பில் இரண்டு பெரிய பகுதிகள். 'வோட்-மெட்டாடேட்டா' என்பதில் காங்கிரஸ், அமர்வு, எண், மசோதா எண், கேள்வி, வாக்கெடுப்பின் வகை, முடிவு, தேதி, நேரம், மொத்தங்கள். 'வோட்-டேட்டா' என்பதில் உறுப்பினருக்கு ஒன்றாக 'ரெக்கார்டட்-வோட்' வரிகள். ஒவ்வொன்றிலும் உறுப்பினரின் பெயர், கட்சி, மாநிலம், 'நேம்-ஐடி' என்ற அடையாள எண், அவர் போட்ட வாக்கு.

பெயரை நம்பாதீர்கள். ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள் பலர் இருப்பார்கள். கோப்பு அவர்களுக்கு மட்டும் அடைப்புக்குறியில் மாநிலத்தைச் சேர்த்துக் காட்டும். நாளை அவர்களில் ஒருவர் விலகினால் அந்த அடைப்புக்குறி காணாமல் போகலாம். 'நேம்-ஐடி' என்பது பயோகைட் எண், அதாவது காங்கிரசின் உறுப்பினர் வாழ்க்கைக்குறிப்புத் தொகுப்பு ஒவ்வொருவருக்கும் தரும் எண். அது ஒருவருக்கு ஆயுள் முழுக்க ஒன்றுதான். டேட்டாபேஸில் ஒருவரை அடையாளம் காட்டும் சாவியாக அதையே வையுங்கள்.

வாக்கின் சொற்களிலும் வேறுபாடு உண்டு. அரசமைப்புப்படி கேட்கப்படும் வகையில் 'யே', 'நே' என்று வரும். சபையின் விதிப்படி கேட்கப்படும் பதிவு வாக்கெடுப்பில் 'ஐ', 'நோ' என்று வரும். பொருள் ஒன்றுதான். இரண்டையும் 'ஆம்', 'இல்லை' என்று மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மூலச்சொல்லையும் பக்கத்திலேயே ஒரு பத்தியில் (டேபிளின் காலத்தில், அதாவது நெடுவரிசையில்) வைத்திருங்கள். இவை போக 'பிரசன்ட்' உண்டு, 'நாட் வோட்டிங்' உண்டு.

இந்த ஆறு சொற்களோடு முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. புதிய காங்கிரசின் முதல் நாளில் முதலில் நடப்பது வருகைக் கணக்கெடுப்பு. அதில் ஆம், இல்லை என்ற பேச்சே கிடையாது. அடுத்து சபாநாயகர் தேர்தல். அங்கே வாக்கு என்ற இடத்தில் வேட்பாளரின் பெயர் இருக்கும். 2023 ஜனவரியில் கெவின் மெக்கார்த்தி பதினைந்தாவது சுற்றில்தான் தேர்வானார், எனவே அந்த ஆண்டின் முதல் கோப்புகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. அமர்வின் தொடக்கத்திலிருந்து ஸ்கிரிப்டை ஓட்டுபவர்களுக்கு முதல் அடியே இங்குதான் விழும்.

எனவே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: தெரியாத சொல் வந்தால் ஸ்கிரிப்ட் ஊகிக்கக் கூடாது. மூலச்சொல்லைச் சேமித்து, மாற்றிய பத்தியைக் காலியாக விட்டு, பதிவேட்டில் (லாக் ஃபைலில்) எச்சரிக்கை எழுத வேண்டும். 'ஆம் இல்லையென்றால் இல்லை' என்று ஒற்றை நிபந்தனையில் முடித்துவிட்டால், சபாநாயகராக வேறொருவரைத் தேர்ந்தவர்கள் எல்லாம் எதையோ எதிர்த்தவர்களாக உங்கள் அறிக்கையில் நிற்பார்கள்.

படி 4: செனட் கோப்பைப் படிப்பது

அமைப்பு வேறு, விவரம் கிட்டத்தட்ட அதே. மெனு கோப்பில் தேதி நாள், மாதம் என்று மட்டும் இருக்கும், ஆண்டு மேலே தனியாக இருக்கும். தனிக் கோப்பில் முழுத் தேதியும், கடைசியாகத் திருத்திய தேதியும், எந்தப் பெரும்பான்மை தேவை என்ற விவரமும் உண்டு. அந்தப் பெரும்பான்மை விவரத்தைக் கட்டாயம் எடுத்துவையுங்கள்.

ஏனென்றால், எண்ணிக்கையைப் பார்த்து முடிவைக் கணக்கிடக் கூடாது. 2021 பிப்ரவரி 13 அன்று டொனால்ட் டிரம்ப் மீதான இரண்டாம் பதவிநீக்க விசாரணையில் 57 பேர் குற்றவாளி என்றார்கள், 43 பேர் இல்லை என்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பதால் அவர் விடுவிக்கப்பட்டார். அந்தக் கோப்பில் வாக்கின் சொல் 'கில்டி', 'நாட் கில்டி'. அதாவது முந்தைய படியில் சொன்ன விதி இங்கேயும் வேலை செய்ய வேண்டும். விவாதத்தை முடிக்கும் குளோஷர் தீர்மானத்துக்கு பொதுவாக 60 வாக்குகள் வேண்டும். பதவி நியமனங்களுக்கான குளோஷருக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். பிரதிநிதிகள் சபையில் விதிகளை இடைநிறுத்தி மசோதாவை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இத்தனையையும் ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைப்பதைவிட, கோப்பு சொல்லும் முடிவை அப்படியே எடுத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

சமநிலை வந்தால் துணை அதிபர் வாக்களிப்பார். அது உறுப்பினர் பட்டியலில் வராது, தனியிடத்தில் இருக்கும். அதையும் தனிப் பத்தியாகச் சேமியுங்கள்.

படி 5: இரு அவைகளையும் இணைப்பது

பிரதிநிதிகள் சபை பயோகைட் எண்ணைப் பயன்படுத்துகிறது, செனட் தனக்கென்று 'எல்ஐஎஸ்' என்ற வேறொரு எண்ணைப் பயன்படுத்துகிறது. ஒருவர் சபையிலிருந்து செனட்டுக்குப் போனால் உங்கள் டேட்டாபேஸில் இரண்டு ஆட்களாகிவிடுவார். முன்பு சொன்ன உறுப்பினர் பட்டியல் இதற்குத்தான். அதில் செனட்டர்களுக்கு இரண்டு எண்களும் சேர்ந்தே இருக்கும். அதைப் பதிவிறக்கி ஒரு டேபிளாக்கி, செனட் வாக்குகளைச் சேமிக்கும்போதே பயோகைட் எண்ணாக மாற்றிவிடுங்கள்.

ஆனால் கட்சியை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். வாக்கெடுப்புக் கோப்பில் அன்றைக்கு என்ன கட்சி என்று இருக்கிறதோ, அதை அந்த வாக்கோடு சேர்த்தே வையுங்கள். கிர்ஸ்டன் சினெமா 2022 டிசம்பரில் ஜனநாயகக் கட்சியிலிருந்து விலகி சுயேச்சையானார். உறுப்பினர் டேபிளில் ஒரே ஒரு கட்சிப் பத்தி இருந்தால், அவருடைய பழைய வாக்குகளும் பின்னோக்கிச் சுயேச்சையாகிவிடும்.

மசோதா எண்ணும் இரு அவைகளில் இரு விதமாக எழுதப்படும். பிரதிநிதிகள் சபையில் 'எச் ஆர் 1' என்று இடைவெளியோடு, செனட்டில் 'எச்.ஆர். 1' என்று புள்ளியோடு. புள்ளியையும் இடைவெளியையும் நீக்கி 'எச்ஆர்1' ஆக்கினால் இரண்டும் சேர்ந்துவிடும். மசோதா எண்கள் ஒவ்வொரு காங்கிரசிலும் ஒன்றிலிருந்து தொடங்கும், எனவே காங்கிரஸ் எண்ணையும் சேர்த்தால்தான் அது தனித்த சாவி.

படி 6: டேபிள்கள்

மூன்று போதும். முதலாவது வாக்கெடுப்புகள்: அவை, காங்கிரஸ், அமர்வு, எண், தேதியும் நேரமும், கேள்வியின் மூல வாசகம், மசோதா எண் மூலமாகவும் மாற்றியும், விளக்கம், முடிவு, தேவையான பெரும்பான்மை, மொத்தங்கள், எந்த முகவரியிலிருந்து எப்போது எடுத்தது. முதல் நான்கும் சேர்ந்து சாவி. இரண்டாவது நிலைப்பாடுகள்: எந்த வாக்கெடுப்பு, எந்த உறுப்பினர், அச்சான பெயர், அன்றைய கட்சி, மாநிலம், வாக்கின் மூலச்சொல், மாற்றிய சொல். மூன்றாவது உறுப்பினர்கள்.

அமர்வு ஒன்றுக்கு லட்சக்கணக்கில் வரிகள் வரும். எஸ்க்யூலைட் அதை அலட்டிக்கொள்ளாது. ஒரே ஒரு உறுப்பினரைத்தான் பின்தொடரப் போகிறேன் என்று நினைத்தாலும் எல்லோரையும் சேமியுங்கள். ஒருவர் போட்ட வாக்கின் எடை, பக்கத்தில் இருப்பவர்கள் என்ன போட்டார்கள் என்பதோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

நேரம் வாஷிங்டன் நேரத்தில் இருக்கும். அதை அப்படியே ஒரு பத்தியிலும், யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றி இன்னொரு பத்தியிலும் வைத்தால் பிறகு குழப்பம் வராது.

படி 7: புதியதை மட்டும் எடுப்பது

பிரதிநிதிகள் சபைக்கான தினசரி ஓட்டத்தின் வடிவம் இது:

அடுத்த எண் = இந்த அமர்வில் நம்மிடம் உள்ள கடைசி எண் + 1
திரும்பத் திரும்ப:
    அந்த எண்ணின் கோப்பைக் கேள்
    எக்ஸ்எம்எல் வரவில்லை என்றால்: நிறுத்து
    கோப்பை டிஸ்கில் சேமி
    பிரி, சரிபார்
    ஒரே டிரான்சாக்ஷனில் இரு டேபிள்களிலும் எழுது
    அடுத்த எண்ணுக்குப் போ
கடைசி இருபது கோப்புகளை மீண்டும் எடு
    மாறியிருந்தால்: பழையதை நீக்கிப் புதியதை எழுது, பதிவேட்டில் குறி

டிரான்சாக்ஷன் முக்கியம். நடுவில் இணைப்பு அறுந்து பாதி உறுப்பினர்களோடு நின்றுவிட்டால், அடுத்த நாள் ஸ்கிரிப்ட் அந்த எண் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தாண்டிப் போய்விடும். எழுதினால் முழுதாக எழுத வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே எழுதக் கூடாது.

கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளியான பதிவுகள் திருத்தப்படுவதுண்டு. செனட்டில், முடிவு மாறாத பட்சத்தில், மற்றவர்கள் சம்மதித்தால் ஒரு செனட்டர் தன் வாக்கைப் பிறகு மாற்றிப் பதியலாம். ஒருமுறை எடுத்ததை நிரந்தரம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பதிவும் அதிகாரப்பூர்வப் பதிவும் மெல்லப் பிரிந்துபோகும். கோப்பின் ஹாஷ் மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சிறிய அடையாளக் குறியீட்டை) சேமித்து ஒப்பிட்டால் மாற்றம் உடனே தெரியும்.

படி 8: சரிபார்ப்பு

ஒவ்வொரு கோப்பிலும் மொத்தங்களும் இருக்கின்றன, தனி வாக்குகளும் இருக்கின்றன. நீங்கள் எண்ணியது கோப்பு சொல்லும் மொத்தத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் சேமிக்காதீர்கள், எச்சரிக்கை எழுதுங்கள். ஆனால் கூட்டுத்தொகை 435 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று சோதிக்காதீர்கள். காலியான இடங்கள் அடிக்கடி இருக்கும்.

ஸ்கிரிப்ட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, 2025இல் வந்த எச்ஆர்1 மசோதாவின் மூன்று வாக்கெடுப்புகளை எடுத்துப் பாருங்கள். பெரிய வரி, செலவு மசோதா அது. இதைவிட நல்ல சோதனை கிடைப்பது கடினம்.

மே 22 அன்று பிரதிநிதிகள் சபையில் 145ஆம் வாக்கெடுப்பு: ஆம் 215, இல்லை 214, பிரசன்ட் 1, வாக்களிக்காதவர் 2. கூட்டினால் 432, ஏனென்றால் மூன்று இடங்கள் காலி. ஜூலை 1 அன்று செனட்டில் 372ஆம் வாக்கெடுப்பு: செனட்டர்கள் 50-50, துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் வாக்கால் 51-50. தனி வாக்குகளை எண்ணினால் ஆம் பக்கம் 50தான் வரும், அது பிழையல்ல. ஜூலை 3 அன்று மீண்டும் பிரதிநிதிகள் சபை, 190ஆம் வாக்கெடுப்பு: 218-214. இந்த மூன்றாவதில் கேள்வி 'நிறைவேற்றம்' அல்ல, 'செனட்டின் திருத்தத்தை ஏற்பது'. மூன்றும் ஒரே மசோதாவின் கீழ் வந்து, மூன்று கேள்விகளும் தனித்தனியாகத் தெரிந்தால் உங்கள் ஸ்கிரிப்ட் நன்றாக இருக்கிறது.

படி 9: வாக்கைப் புரிந்துகொள்வது

ஸ்கிரிப்ட் இப்போது ஓடுகிறது, டேபிள் நிறைகிறது. இங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. 'இவர் இந்த மசோதாவை எதிர்த்தார்' என்று ஒரு வாக்கியத்தை ஸ்கிரிப்ட் தானாக எழுத முடியும். அந்த வாக்கியம் பொய்யாக இருக்கவும் முடியும்.

முதலில் கேள்வி. மசோதாவைக் குழுவுக்குத் திருப்பி அனுப்பும் தீர்மானத்துக்கு 'ஆம்' போடுபவர் பொதுவாக மசோதாவின் எதிரி. 'டேபிள்' செய்யும் தீர்மானத்துக்கு 'ஆம்' என்றால் அந்த விஷயத்தை அங்கேயே முடித்துவிடுங்கள் என்று அர்த்தம். மசோதா எண்ணையும் 'ஆம்' என்ற சொல்லையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால் நேர்மாறான பொருள் வந்துவிடும். அறிக்கையில் கேள்வி இல்லாமல் எந்த வாக்கையும் காட்டாதீர்கள்.

அடுத்து மசோதாவின் பெயர். எச்ஆர்815 என்பது 118ஆவது காங்கிரசில் முன்னாள் படைவீரர்களின் அவசர மருத்துவச் செலவு பற்றிய சிறிய மசோதாவாகத் தொடங்கியது. செனட் அதன் உள்ளடக்கத்தை மாற்றி வாகனமாகப் பயன்படுத்தியது. 2024 ஏப்ரலில் அது உக்ரைன், இஸ்ரேல், தைவான் தொடர்பான உதவித்தொகைச் சட்டமாக வெளிவந்தது. பழைய தலைப்பை வைத்துக்கொண்டு யாரையாவது 'படைவீரர்களுக்கு எதிராக வாக்களித்தவர்' என்று எழுதினால் அது அநியாயம். வாக்களித்த நாளில் மசோதாவுக்குள் என்ன இருந்தது என்பதே கணக்கு.

அதே எச்ஆர்815இல் இன்னொரு பாடமும் உண்டு. 2024 பிப்ரவரி 7 அன்று, எல்லைப் பாதுகாப்பு ஒப்பந்தத்தோடு சேர்ந்த வடிவத்தை விவாதத்துக்கு எடுக்க செனட்டில் குளோஷர் வாக்கெடுப்பு நடந்து 49-50 என்று தோற்றது. இல்லை என்றவர்களில் அப்போதைய பெரும்பான்மைத் தலைவர் சக் ஷூமரும் இருக்கிறார். அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்ததே அவர்தான். தோற்ற பக்கத்தில் வாக்களித்தவர் மறுபரிசீலனை கோர முடியாது என்பதால், தோல்வி உறுதியானதும் தலைவர் தன் வாக்கை 'இல்லை' என்று மாற்றிக்கொள்வது வழக்கம். இது தரவில் எங்கும் எழுதியிருக்காது. தோற்ற குளோஷர் வாக்கெடுப்பில் பெரும்பான்மைத் தலைவரின் பெயர் 'இல்லை' பக்கம் வந்தால் ஒரு குறிப்பைச் சேர்க்கும்படி ஸ்கிரிப்டில் எழுதி வைக்கலாம். நான்கைந்து வரிதான்.

'பிரசன்ட்' என்பதும் அப்படியே. 2018 அக்டோபர் 6 அன்று செனட்டில் பிரெட் கவனாவின் உச்சநீதிமன்ற நீதிபதி நியமனம் 50-48 என்று நிறைவேறியது. லிசா மர்கௌஸ்கி எதிர்க்க நினைத்தவர். ஆனால் ஆதரிக்க நினைத்த ஸ்டீவ் டெய்ன்ஸ் தன் மகளின் திருமணத்துக்குப் போயிருந்ததால், இருவரும் ஒருவரையொருவர் ஈடுசெய்துகொள்ளும் ஏற்பாட்டில் மர்கௌஸ்கி 'பிரசன்ட்' என்று பதிந்தார். எண்ணிக்கை இதைச் சொல்லாது. 'நாட் வோட்டிங்' என்பதற்கும் காரணம் தரவில் கிடையாது. நோயோ, பயணமோ, வேண்டுமென்றே தவிர்த்ததோ, எதுவாகவும் இருக்கலாம். அறிக்கையில் 'வாக்களிக்கவில்லை' என்று மட்டும் எழுதுங்கள். 'நழுவினார்', 'புறக்கணித்தார்' என்றெல்லாம் எழுத ஸ்கிரிப்டுக்கு உரிமையில்லை.

கட்சியோடு ஒத்துப்போன சதவீதம் என்று ஒரு எண்ணை எல்லோரும் கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் பிரித்துக் கொடுங்கள். விதிகளை இடைநிறுத்தும் வாக்கெடுப்புகளில் இரு கட்சியும் பெரும்பாலும் சேர்ந்தே ஆதரிக்கும். விவாத விதிகள் மீதான வாக்கெடுப்புகள் பெரும்பாலும் கட்சிக்கோட்டில் பிரியும். ஒரு மாதத்தில் முதல் வகை அதிகம் நடந்தால், யாருமே மனம் மாறாமல் எல்லோருடைய எண்ணும் நகரும். கேள்வியின் வகை வாரியாகத் தனித்தனிச் சதவீதம் காட்டினால் இந்த மயக்கம் இருக்காது. இரு கட்சிகளின் பெரும்பான்மையும் எதிரெதிராக நின்ற வாக்கெடுப்புகளை மட்டும் எடுத்துக் கணக்கிடுவது இன்னும் நல்லது.

படி 10: அறிக்கையும் தினசரி ஓட்டமும்

ஒரு வரி இப்படி இருக்கலாம்:

2025 ஜூலை 3, பிரதிநிதிகள் சபை, எண் 190, எச்ஆர்1. கேள்வி: செனட்டின் திருத்தத்தை ஏற்பது. முடிவு: ஏற்கப்பட்டது, 218-214. நீங்கள் பின்தொடரும் உறுப்பினர்: இல்லை. அவருடைய கட்சியில் பெரும்பான்மை: ஆம்.

கடைசி இரண்டு துண்டுகளும் வேறுபடும் வரிகளை மட்டும் மேலே கொண்டுவாருங்கள். ஒருவர் தன் கட்சியை விட்டு விலகி நின்ற இடங்களைத்தான் முதலில் படிக்கத் தோன்றும். ஒவ்வொரு வரியிலும் மூலக் கோப்பின் முகவரியைக் கட்டாயம் சேருங்கள். படிப்பவர் உங்களை நம்ப வேண்டியதில்லை, அவரே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கருவியில் (லினக்ஸிலோ மேக்கிலோ க்ரான், விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர்), வாஷிங்டன் நேரப்படி அதிகாலை ஒருமுறை ஓடும்படி வைத்தால் போதும். அவைகள் சில நாட்களில் நள்ளிரவைத் தாண்டியும் அமரும். அன்றைக்கு விட்டுப்போனதை அடுத்த நாள் ஓட்டம் எண் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும். அவை விடுமுறையில் வாரக்கணக்கில் புதிதாக ஒன்றும் வராது. அதற்கும் ஸ்கிரிப்ட் உடைந்து போனதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும், எனவே புதிதாக எதுவும் இல்லாத நாளிலும் 'ஓடினேன், புதியது இல்லை' என்று ஒரு வரி பதிவேட்டில் விழட்டும்.

எல்லாம் அமைந்ததும், 2025 அமர்வை முதல் எண்ணிலிருந்து முழுமையாக ஏற்றுங்கள். பிறகு உங்கள் முதல் வினவலாக இதைப் போட்டுப் பாருங்கள்: வெற்றி தோல்வி ஐந்து வாக்குகளுக்குள் தீர்மானமான வாக்கெடுப்புகளில், தன் கட்சியின் பெரும்பான்மைக்கு எதிராக நின்றவர்கள் யார், யார்? ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கேள்வியின் முழு வாசகம் வரட்டும்.